ஏரிக்கரையில் நின்ற வண்டி

அந்தப் பச்சை வண்டியில் இரண்டு பேர்தான் உட்கார முடியும். இருக்கைகளுக்குப் பின்னால், மழை வந்தால் இழுத்து மூடுகிற துணிக் கூரையை மடித்துச் செருகி வைக்க ஓர் இடுக்கு உண்டு. ஒன்பது வயதில் நான் அந்த இடுக்குக்குச் சரியான அளவில் இருந்தேன். மடியில் பெரியப்பாவின் டைம்பீஸ், கையில் கணக்கு நோட்டு, அதன் நடுவில் ஒரு துண்டுப் பென்சில். கால் பரீட்சை லீவில் அந்த ஒரு வாரமும் வண்டி என் மேற்பார்வையில்தான் ஓடியது என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

வண்டி எங்களுடையது இல்லை. ஒரு வக்கீலுடையது. மெட்ராஸில் தொழில் செய்துகொண்டிருந்த அவருக்குப் பெரிய காஞ்சிபுரத்தில் பூர்வீக வீடு இருந்தது. ஊரைவிட்டுக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடமிருந்து அந்த வண்டியை வாங்கியிருந்தார். நீண்ட மூக்கு, கம்பி வைத்த சக்கரங்கள், தரையை உரசுவது போலத் தாழ்ந்த உடம்பு. ரேஸ் வண்டி என்று ஊரில் சொன்னார்கள். அது ராஜ வீதியில் நுழைந்தால் நாங்கள் தேரடி வரைக்கும் பின்னாலேயே ஓடுவோம்.

அப்பா மெக்கானிக். எங்கள் வீட்டில் மற்ற எல்லோருக்கும் பட்டுத் தறிதான். அப்பா ஒருவர் மட்டும் பதினைந்து வயதில் தறிக்குழியிலிருந்து எழுந்து, கைகால் உதறிக்கொண்டு, பஸ் கம்பெனி ஷெட்டுக்குப் போய்விட்டாராம். பிறகு ஒரு லாரி முதலாளியின் காலி மனையில் தகரக் கொட்டகை போட்டுத் தனியாகத் தொழில் தொடங்கினார். பெரியப்பா இதை மன்னிக்கவேயில்லை. பட்டு நூலைத் தொடுகிற வீட்டில் கிரீஸ் கையோடு ஒருவன் நுழைகிறான் என்பது அவருடைய தீராத குறை. அப்பா கொல்லைப்புறமாக வந்து, முழங்கை வரை சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் உள்ளே வருவார்.

அதற்கு முந்தின வாரம் வக்கீலின் வண்டி திணறித் திணறி ஓடுகிறதென்று கொட்டகைக்கு வந்தது. என்ஜின் பக்கத்தில் கறுப்பு மூடி போட்ட டப்பா ஒன்று இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் என்று பெயர். நாலு பிளக்குக்கும் முறை வைத்துக் கரண்ட் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. அப்பா அதைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே உள்ள பாயிண்ட் தேய்ந்திருக்கிறது, அதை மட்டும் மாற்றினால் போதும் என்றார். வக்கீல் கேட்கவில்லை. அந்த டப்பாவில் உள்ளது அத்தனையும் புதிதாகப் போடச் சொன்னார். அப்பாவும் மெட்ராஸுக்கு பஸ் ஏறிப் போய், பாயிண்ட், கண்டென்சர், ரோட்டார், மேல்மூடி என்று நாலையும் அட்டைப்பெட்டியோடு வாங்கிவந்து பூட்டினார். என்ஜின் வீணை மாதிரிப் பேசியது. வெள்ளிக்கிழமை காலையில் வக்கீல் தன் மாமியாரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மெட்ராஸுக்குப் புறப்பட்டார்.

ஸ்ரீபெரும்புதூர் வருவதற்குள் வண்டி நின்றுவிட்டது.

அரைமணி நேரம் கழித்துத் தானாகக் கிளம்பி, கொஞ்ச தூரம் போய் மறுபடியும் நின்றது. மாமியார் பட்டுப்புடவையோடு ரோட்டோரத்தில் உச்சி வெயிலில் நின்றார். மூன்றாவது முறை நின்றதும், மாமியாரை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வண்டியை ஒரு லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு வக்கீல் திரும்பி வந்தார். அவருடைய முகம் வெயிலாலும் மாமியாராலும் சிவந்திருந்தது. அம்மாவோடு நான் அப்பாவுக்குக் காபி கொண்டுபோயிருந்தேன். அதனால் எல்லாவற்றையும் கேட்டேன்.

"இத்தனை வருஷம் நிக்காம ஓடின வண்டிய்யா இது. நீ கை வெச்ச அன்னைக்கே நிக்குது. ஒரிஜினல் சாமானை எடுத்து வித்துட்டு டூப்ளிகேட் போட்டிருக்கே."

அப்பா ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து நீட்டினார். "உங்க பழைய சாமான் நாலும் தோ இதுல இருக்குதுங்கய்யா. நான் எதையும் வெளியில போட்டதில்ல."

"இது எந்த ஓட்டை வண்டியிலேர்ந்து எடுத்ததோ, எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த வெள்ளிக்கிழமை வருவேன். வண்டி நிக்காம ஓடணும். இல்லேன்னா போலீஸ் ஸ்டேஷன்ல பேசிக்கலாம்."

அவர் போன பிறகு லாரி முதலாளி மெதுவாக வந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் போலீஸ் என்ற சொல் அவர் காதில் விழுந்திருந்தது. "தோ பாருப்பா, உன்ன எனக்குத் தெரியும். ஆனா இந்த எடத்துக்குப் போலீசு வர்ற மாரி வெச்சுக்காத. அப்பறம் நீ வேற எடம் பாத்துக்கறதுதான்" என்றார்.

சேதி எங்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பெரியப்பா தறியிலிருந்து எழுந்திருக்காமலே சொன்னார்: "தறியில உக்காந்துக்கினு இருந்தா ஒருத்தன் திருடன்னு சொல்லுவானா? பின்கட்டுல ஒரு தறி சும்மாத்தான் கெடக்குது. அடுத்த சனிக்கெழம நாள் நல்லா இருக்குது. வந்து உக்காரு."

எங்கள் வீட்டில் பெரியப்பாவுக்கு எதிரில் அப்பா அதிகம் பேச மாட்டார். அம்மா பேசவே மாட்டாள். இரண்டு தறியும் பதினோரு பேரும் இருந்த அந்த வீட்டில், அப்பாவும் அம்மாவும் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதும் சாப்பாடு ஆயிற்றா, குழந்தைக்கு மருந்து கொடுத்தாயா என்கிற அளவில்தான்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அப்பா வண்டியோடு மல்லுக்கட்டினார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பெட்ரோல் டேங்கைக் கவிழ்த்துத் தூசு எடுத்தார். குழாய்களை வாயால் ஊதினார். கொட்டகையில் ஓடவிட்டால் வண்டி ஒன்றும் தெரியாத பிள்ளை போல ஓடும். ரோட்டுக்குக் கொண்டுபோனால் கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும். ஆறினால் கிளம்பும், சூடானால் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை நடு ரோட்டில் நின்றுவிட்டது. அப்பா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தோளால் தள்ளி ஓரம் கட்டுவதற்குள், எதிரில் வந்த லாரி ஒன்று உரசுகிற மாதிரி போயிற்றாம்.

திங்கட்கிழமை மத்தியானம் அம்மா சாப்பாடு கொண்டுபோனாள். அப்பா தூக்கைத் திறக்கவில்லை. வண்டியின் படியில் உட்கார்ந்து புளியமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அவர் எதிரில் வந்து நின்றாள். பிறகு கேட்டாள்.

"நீங்க மாத்துனது எத்தினி சாமான்?"

"நாலு."

"நாலையும் ஒரே நாள்லயா?"

"ஆமா. அவரு கேட்டாரு, போட்டேன்."

"அப்பறம் எதுல கோளாறுன்னு எப்பிடித் தெரியும்?"

"அதுல கோளாறு இருக்காது. எல்லாம் புதுசு. பெட்டிய நான்தான் பிரிச்சேன்."

"புதுசுன்னா? புதுப் பாவுல அறுந்த எழ வர்றதில்லையா?"

அம்மா பாவு பிணைப்பதில் கைகாரி. தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு. பழைய பாவு முடிந்து புதுப் பாவு ஏற்றும்போது, பழைய நூலின் ஒவ்வொரு நுனியோடும் புது நூலின் நுனியைச் சேர்த்துத் திரிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்று விட்டுப்போனாலும் புடவை முழுக்கக் கோடு விழும். அந்த வேலைக்கு அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்தும் அம்மாவைக் கூப்பிடுவார்கள்.

அப்பா அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பிஸ்கட் டின்னை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். "பாயிண்ட் மட்டும் புதுசு. மத்த மூணும் பழசு. போட்டுப் பாக்கறேன். ஓடுச்சுன்னா, ஒவ்வொரு புதுசா மாத்தி மாத்திப் பாக்கணும். எது நின்னுதோ அதுதான் கோளாறு."

"ஒண்ணு மாத்தறப்ப இன்னொண்ணத் தொடக் கூடாது" என்றாள் அம்மா.

"ஒவ்வொரு தடவையும் ரோட்டுல ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும். நடுவுல நின்னா நான் ஒருத்தனா எப்பிடித் தள்ளுவேன்?"

"நான் வரேன். நீங்க தள்ளுங்க. நான் அந்த வளையத்தப் புடிச்சுக்கறேன்."

இதற்கு வீட்டில் பெரிய எதிர்ப்பு எழுந்தது. கூரையில்லாத வண்டியில், ஊர் பார்க்க, ஒரு பெண்பிள்ளை புருஷன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ராஜ வீதியில் போவதா என்று பெரியம்மா கேட்டாள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே, ஆனால் தெளிவாகச் சொன்னாள்: "பாப்பாவும் கூட வருதுக்கா. அதுதான் டைம் பாத்து எழுதணும்." பெரியம்மா முனகிக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கோ தலைகால் புரியவில்லை. நான் இல்லாமல் இந்தக் காரியம் நடக்காது என்று அம்மாவே சொல்லிவிட்டாளே. நானே போய்ப் பெரியப்பாவிடம் டைம்பீஸைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் முதல் ஓட்டம். அம்மா முந்தானையைத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கடைத்தெருவைத் தாண்டும்வரை குனிந்த தலை நிமிரவில்லை. ஊர் முடிந்து, புளியமரங்கள் தொடங்கிய பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வண்டி திருப்புட்குழியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. நான் எழுதினேன்: 'திங்கள் சாயங்காலம். 48 நிமிஷம். நிற்கவில்லை.'

"பாத்தீங்களா?" என்றாள் அம்மா.

"ஒரு தடவ ஓடுனதுல என்ன தெரியும்?" என்றார் அப்பா. ஆனால் அன்று தூக்கில் இருந்ததை எல்லாம் சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் புது மேல்மூடியை மட்டும் மாட்டிக்கொண்டு போனோம். நிற்கவில்லை. சாயங்காலம் அதைக் கழற்றிவிட்டுப் புதுக் கண்டென்சரை மாட்டினார். சுண்டு விரல் நுனி அளவுள்ள தகர உருளை அது. இருபத்திரண்டாவது நிமிஷம் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. அப்பா கதவைத் திறக்காமலே வெளியே தாண்டிக் குதித்தார்.

"சிக்குனான்! சிக்குனான்!"

அம்மா ஸ்டியரிங்கைப் பிடிக்க, அப்பா தள்ள, வண்டி ஓரத்துக்கு வந்தது. அப்பா அந்தக் கண்டென்சரை அங்கேயே கழற்றி, பழையதைப் போட்டார். வண்டி உடனே கிளம்பியது. திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா பேசிக்கொண்டே வந்தார். பஸ் ஷெட்டில் சேர்ந்த முதல் நாள், அவர் முதன்முதலாகப் பிரித்த என்ஜின், அதிலிருந்து மிஞ்சிப்போன ஒரு நட்டு. அதை எங்கே போடுவதென்று தெரியாமல் ஒரு மாதம் சட்டைப்பையிலேயே வைத்திருந்தாராம். இதையெல்லாம் நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. அம்மாவும் கேட்டதில்லை என்பது அவள் கேள்வி மேல் கேள்வி கேட்டதிலிருந்து தெரிந்தது.

புதன்கிழமை காலையில் பாக்கியிருந்த ரோட்டாரை மாட்டினார். கறுப்பு நிறத்தில், கட்டைவிரல் அளவில், தலையில் பித்தளைத் தகடு ஒட்டியிருக்கும். டப்பாவுக்குள் சுழன்றுகொண்டே நாலு பக்கமும் கரண்டைத் தள்ளிவிடுவது அதுதான். கோளாறு கண்டென்சரில் என்று தெரிந்துவிட்டதால், இது வெறும் சம்பிரதாயத்துக்கான ஓட்டம் என்றே அப்பா நினைத்தார். முப்பத்தோராவது நிமிஷம் வண்டி நின்றது.

அப்பா இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். பின்னால் வந்த மாட்டு வண்டிக்காரர் ஒதுங்கச் சொல்லிச் சத்தம் போட்டார். அம்மாதான் முதலில் இறங்கினாள். அவளும் அப்பாவுமாகத் தள்ளி ஓரம் கட்டினார்கள்.

"நான் நெனச்சது தப்பு" என்றார் அப்பா. "கண்டென்சர் இல்ல. இது வேற எங்கியோ இருக்குது. அண்ணன் சொல்றாப்பல தறிக்கே போயிடறேன்."

"நேத்து கண்டென்சர்ல நின்னுது. இன்னிக்கு அது இல்லாமயும் நிக்குது. அவ்ளோதான?"

"அதான் சொல்றேன், அது கோளாறு இல்ல."

"ஒரு பாவுல ஒரு எழ அறுந்திருந்தா, இன்னொண்ணும் அறுந்திருக்கக் கூடாதுன்னு இருக்குதா? ரெண்டும் ஒரே கடையில ஒரே ஆள்கிட்ட வாங்கினதுதான? அதக் கழட்டுங்க, நான் பாக்கறேன்."

"நீ இன்னா பாப்பே?"

"கழட்டுங்களேன்."

அப்பா மூடியைத் திறந்து ரோட்டாரை உருவினார். கை சுட்டது. அம்மா அதை முந்தானையில் வாங்கி, வெயிலுக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பட்டு இழையில் பிசிறு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஒரு கண்ணை மூடிக்கொள்வாளே, அதே மாதிரி மூடிக்கொண்டாள். ரோட்டோரத்தில் நாங்கள் மூன்று பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு நின்றோம்.

"இது இன்னா? மயிரா, கீறலா?"

பித்தளைத் தகட்டுக்கு அடியில், உள்பக்கமாக, ஒரு கோடு. இழையைவிட மெல்லிசு. அப்பா நகத்தால் சுரண்டினார். போகவில்லை. என்ஜின் ஆயிலைத் துணியால் துடைத்தார். போகவில்லை. மேலே இருக்கிற பித்தளையும் கீழே இருக்கிற இரும்புத் தண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாதாம். அந்தக் கோட்டு வழியாகக் கரண்ட் கீழே ஒழுகிவிடுகிறதாம். சூடு ஏறினால்தான் ஒழுகும். அதனால்தான் ஆறியதும் ஒன்றும் தெரியாமல் கிளம்புகிறது. அப்பா இதையெல்லாம் எனக்குச் சொல்வது மாதிரி அம்மாவுக்குச் சொன்னார். சொல்லி முடித்ததும், "எப்பிடி இது உன் கண்ணுல பட்டுச்சு?" என்று மட்டும் கேட்டார். அம்மா முந்தானையை உதறிக் கட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் பழைய ரோட்டாரோடும் பழைய கண்டென்சரோடும் மறுபடியும் போனோம். 'புதன் சாயங்காலம். 52 நிமிஷம். நிற்கவில்லை.' கோளாறு பிடிபட்டுவிட்டது. இனி வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் வியாழக்கிழமை மத்தியானம் அம்மா, பெரியம்மாவின் காதில் விழும்படி, "ஒரு தடவ ஓடுனா போதுங்களா? இன்னொரு தடவையும் பாத்துடலாமே" என்றாள். அப்பாவும் தலையாட்டினார். அவ்வளவு கவனமான ஆட்கள் என் பெற்றோர் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்று காற்று நன்றாக வீசியது. புளியமர நிழல் முகத்தில் வந்து வந்து போயிற்று. நான் இடுக்கில் சாய்ந்து கண்ணை மூடியிருக்க வேண்டும். திடீரென்று என்ஜின் சத்தம் நின்றது. பதறிப்போய் டைம்பீஸைப் பார்த்தேன்.

"நின்னுடுச்சு! பத்தொம்போது நிமிஷம்!"

திருப்புட்குழிக்கு முன்னால் ஓர் ஏரி உண்டு. அதன் கரையோரத்தில் வண்டி நின்றிருந்தது. அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்தியும் அடங்காமல் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. தோல்வி மேல் தோல்வி வந்து புத்தி கலங்கிவிட்டதோ என்று பயந்தேன்.

"ஆமா பாப்பா, நின்னுதான் போச்சு. எழுதிக்கோ" என்றார் அப்பா.

எழுதினேன். எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. ஆனால் அவர்கள் மூடியைத் திறக்கக்கூட இல்லை. வண்டியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொல்லிவிட்டு, கரையிலிருந்து தண்ணீர்ப் பக்கம் இறங்கினார்கள். பக்கத்து நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா போய் ஒரு பிடி செடியோடு வாங்கிவந்தார். அம்மா தண்ணீரில் கால் நீட்டி உட்கார்ந்தாள். அப்பா ஒவ்வொரு கடலையாக உடைத்து உடைத்து அவளிடம் கொடுத்தார். என்னைக் கூப்பிட்டு எனக்கும் ஒரு கை கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டு காவலுக்குத் திரும்பிவிட்டேன். பொறுப்பான வேலையில் இருந்தேன் அல்லவா?

அரைமணி நேரம் கழித்து வந்து, அப்பா சாவியைப் போட்டு ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தார். வண்டி ஒரே இழுப்பில் கிளம்பியது. ஆறிவிட்டது, அதனால் கிளம்புகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நான்தான் எல்லோருக்கும் சொன்னேன், மறுபடியும் நின்றுவிட்டதென்று. பெரியப்பா தறியில் ஓடிக்கொண்டிருந்த நாடாவை நிறுத்திவிட்டு, "அப்ப சனிக்கெழம தறிக்கு வந்துடு" என்றார். அப்பா "காலையில இன்னொரு தடவ பாத்துடறோம்ணே" என்று மட்டும் சொன்னார். அம்மா அடுப்படியில் இருந்தாள். எனக்கு அவர்களை நினைத்துப் பாவமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையிலும் போனோம். அதே ஏரி. இருபத்துநாலு நிமிஷம். அதையும் எழுதினேன்.

பதினோரு மணிக்கு வக்கீல் வந்தார். லாரி முதலாளி வந்தார். பெரியப்பாவும் தறியை விட்டு எழுந்து வந்து கொட்டகை வாசலில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அம்மா சாப்பாட்டுத் தூக்கோடு லாரிக்குப் பக்கத்தில் நின்றாள். அப்பா புது ரோட்டாரை ஆறிய நிலையில் மாட்டினார். கரண்ட் கொடுக்கும் காயிலிலிருந்து வரும் தடித்த ஒயரின் நுனியை அதன் பித்தளைக்கு அருகில் பிடித்து, பாயிண்டை விரலால் சுண்டினார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அதைக் கழற்றி, ஓடிச் சூடாகியிருந்த என்ஜின் மேல் கொஞ்ச நேரம் வைத்து எடுத்து, மறுபடியும் அதே மாதிரி செய்தார். டிக்கென்று ஒரு நீலப் பொறி ஒயரிலிருந்து பித்தளைக்குத் தாவியது. சுண்டச் சுண்டத் தாவியது.

"இதுக்கு அடியில ஓட்ட இருக்குதுங்கய்யா. பொறி இப்பிடித் தாவவே கூடாது. இப்ப உங்க பழசு."

பழைய ரோட்டாரையும் அதே போலச் சூடாக்கினார். எவ்வளவு சுண்டியும் பொறி வரவில்லை.

வக்கீல் தானே ஒருமுறை சுண்டிப் பார்த்தார். ஷாக் அடித்ததும் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். பிஸ்கட் டின்னை வாங்கி, பழைய பாயிண்டையும் புதுக் கண்டென்சரையும் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். பிறகு லாரி முதலாளிக்கும் பெரியப்பாவுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "இவர் எதையும் எடுக்கலை. மெட்ராஸ்ல வித்தவன் ஏமாத்தியிருக்கான். எல்லாம் புதுசா போடுன்னு அடம் பிடிச்சது நான். நான் பேசினது தப்பு."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். கண்ணைத் துடைக்கப் போய்க் கன்னத்தில் கிரீஸ் ஒட்டிக்கொண்டது.

"இப்ப நிக்காம மெட்ராஸ் போய்ச் சேருமா? நிச்சயமா?" என்றார் வக்கீல்.

"சேரும்ங்கய்யா."

எனக்குப் பொறுக்கவில்லை. பொய் சொல்லக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். நோட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனேன். "இல்ல சார். நேத்து நின்னுச்சு. இன்னிக்குக் காலையிலயும் நின்னுச்சு. எழுதி வெச்சிருக்கறேன்."

பெரியப்பா ஓர் அடி முன்னால் வந்தார். வக்கீல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டை முதல் வரியிலிருந்து படித்தார். பிறகு என் உயரத்துக்குக் குனிந்தார்.

"எங்கே நின்னுது?"

"ஏரிக்கரையில. ரெண்டு தடவையும்."

"ரெண்டு தடவையும் ஒரே இடத்திலயா? சரி, அப்பா மூடியைத் திறந்து பார்த்தாரா?"

"இல்ல."

"வண்டியைத் தள்ளினாரா?"

"இல்ல."

"அப்புறம் என்னதான் பண்ணினாங்க?"

"அம்மா தண்ணியில கால வுட்டுக்கினு உக்காந்துக்கினு இருந்துச்சு. அப்பா வேர்க்கடல உரிச்சுக் குடுத்துச்சு."

"எவ்வளவு நேரம்?"

"அரைமணி நேரம். இன்னிக்கு அதுக்கு மேலயும் ஆச்சு."

"அப்புறம் வண்டி எத்தனை இழுப்புல கிளம்புச்சு?"

"ஒரே இழுப்புல."

வக்கீல் அப்பாவைப் பார்த்தார். அப்பா ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பேனர் அது. அம்மா லாரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். லாரி முதலாளிக்குத் திடீரென்று இருமல் வந்தது. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வீட்டுப் பக்கம் நடந்தார். சனிக்கிழமையைப் பற்றி அவர் அப்புறம் பேச்செடுக்கவே இல்லை.

வக்கீல் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, என் கடைசி இரண்டு வரிகளையும் ஒரே கோடாக அடித்தார். "இந்த ரெண்டையும் கணக்குல சேத்துக்க வேண்டாம்மா" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வண்டியில் ஏறிப் போய்விட்டார். நாலு நாள் கழித்து அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. வண்டி எங்கும் நிற்கவில்லையாம். மாமியாரையே உட்காரவைத்துக் கடற்கரை வரை போய்வந்தாராம்.

என் கோபம் ஆறவில்லை. அவ்வளவு படித்த மனிதர், கடிகாரம் பார்த்து எழுதிய உண்மையை அடித்துவிட்டாரே. அடித்த வரிகளுக்குக் கீழே அதையே மறுபடியும் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தேன். லீவு முடிந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு ஒருநாள், கொல்லையில் கைகழுவிக்கொண்டிருந்த அப்பாவிடம் போய், அந்த வண்டி மறுபடியும் எப்போது நிற்கும் என்று கேட்டேன்.

அப்பா உள்ளே எட்டிப் பார்த்தார். தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா பெரியம்மாவுக்குப் பக்கத்தில் தலை குனிந்து பாவு பிணைத்துக்கொண்டிருந்தாள்.

"அது இனிமே நிக்காது பாப்பா" என்றார்.

அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிப் போயிற்று. ரிப்பேர் செய்த வண்டி இனிமேல் நிற்காது என்பதில் ஒரு மெக்கானிக்குக்கு என்ன வருத்தம் இருக்க முடியும் என்று எனக்கு விளங்கவே இல்லை.